கரிந்த கிழங்குக்கும் ஆமென்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, காரக்கோணத்தை ஒட்டிய ஊர்களில் ஒருவரைத் தள்ளி வைக்க யாரும் கூட்டம் போடுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. அதெல்லாம் நாகரிகம் தெரியாதவர்கள் செய்வது. வீட்டுக்கு வருவார்கள், சிரிப்பார்கள், பாய் விரித்தால் உட்காருவார்கள். பலகாரத் தட்டை நீட்டும்போது மட்டும், "ஒண்ணும் வேண்டாம் மக்கா, தொண்டைய நனைக்க இத்திரி வெள்ளம் போதும்" என்பார்கள். அவ்வளவுதான். தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு வழி கிடையாது.

ரத்னபாய்க்கு அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

குற்றம் செய்தவள் மகள் ஜெஸ்மி. நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள், லேபுக்கு ஏசி மாட்ட வந்த அகிலைப் பார்த்துவிட்டாள். அகில் கோயில், அம்பலம் என்று போகிற வீட்டுப் பையன். ஜெஸ்மி தலைமுறை தலைமுறையாகச் சபைக்குப் போகிற வீட்டுப் பெண். சொன்னால் நடக்காது என்று இருவருமே சரியாகக் கணித்து, ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் போய்க் குடியேறினார்கள்.

மகள் போன துக்கம் ரத்னபாய்க்கு இல்லாமல் இல்லை. ஆனால் போன வருஷம் வீட்டுக்கூட்டத்துக்கு அவள் சுட்ட உளுந்தவடை தட்டோடு தட்டாக அப்படியே மிஞ்சியதே, அந்தத் துக்கம் ஒரு சுற்றுப் பெரியது. வீட்டுக்கூட்டம் என்பது சபையார் முறை வைத்து வீடு வீடாகப் போய் ஜெபிப்பது. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், முடிவில் சாயாவும் கடியும்; கடி என்றால் பலகாரம். ஜெபம் எப்படியிருந்தாலும் ஊரில் நிற்பது கடியைப் பற்றிய பேச்சுதான். ரத்னபாயின் வடைக்கு ஒரு காலத்தில் காஞ்சிரங்குளம் வரை பேர் உண்டு. அன்றைக்குச் சபைப் பெண்களில் லீலாபாய்க்கு சுகர் வந்தது. தங்கபாய்க்கு உபவாசம் வந்தது. சாராபாய்க்கு, வாயில் வைக்கும் முன்பே, நெஞ்சு எரிந்தது. மூன்று நாள் அந்த வடையைத் தின்றவர் கணவர் சத்தியராஜ் ஒருவர்தான். மகள் போன அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை. அதற்கு முன்பு பேசினார் என்றும் யாருக்கும் நினைவில்லை.

இப்போது மறுபடியும் அவள் முறை வந்தது.

ஜெஸ்மி அம்மாவிடம் போனில் பேசுவதுண்டு. ஊருக்குத் தெரியாது. ரத்னபாயின் போனில் மகளின் நம்பர் 'கேஸ் ஏஜென்சி' என்ற பெயரில் கிடக்கிறது. சபைப் பெண்கள் பக்கத்தில் இருக்கும்போது அடித்தாலும் குழப்பமில்லை. கேஸ் ஏஜென்சியோடு பேசுவதை எந்தச் சபையும் இதுவரை விலக்கவில்லை.

"அம்மா, வடையும் கேக்கும் வேண்டாம்," என்றாள் ஜெஸ்மி. "சுகர், உபவாசம், நெஞ்செரிச்சல்னு ஆளுக்கொரு வாசல் வச்சிருக்காங்க. எல்லா வாசலையும் அடைக்கணும். நீ சீனிக்கிழங்கு எடு."

"பேரிலேயே சீனி உண்டே, அந்த லீலா சும்மா இருப்பாளா?"

"கேரட்டும் பீன்சும் பாதிக்குப் பாதி சேத்து, இத்திரி எண்ணெயில பொரட்டினா, சுகர் உள்ளவங்களும் அளவா தின்னலாம். எங்க லேபுக்கு வாற டாக்டரு மத்தியானத்துக்கு அதாக்கும் கொண்டு வாறாரு. ஹாஷ்னு சொல்லுவாரு. வெறும் காய்கறி, உபவாசக்காரிக்கும் தடையில்ல. மிளகாப்பொடி வேண்டாம், நல்லமிளகு போதும், நெஞ்சும் எரியாது."

"பேரு என்னவா வேணும்னாலும் இருக்கட்டு. தின்னணும்."

"தின்னுவாங்க. பொறவு அம்மா, ஒரு காரியம் கேட்டியா? லீலா மாமிக்க மகன் ஈசாக்கு, துபாயில ஒரு பிலிப்பைன்காரிகூட ஒரே வீட்டில தாமசமாக்கும். ஒரு கொச்சுப் பிள்ளையும் உண்டு. எனக்க கூடப் படிச்சவ அதே கெட்டிடத்திலதான் இருக்கா. மாமி இங்க அவனுக்குப் பெண்ணு தேடுது."

"சீ, வாயக் கழுவு. ஆளுக்க காரியம் நமக்கு எதுக்கு?" என்று மகளைக் கண்டித்தாள் ரத்னபாய். கண்டித்துக்கொண்டே அதை மனசின் மேல்பரணில் பத்திரமாக எடுத்து வைத்தாள்.

ஜெஸ்மியின் குரல் இறங்கியது. "அம்மா, அவங்க தின்னுட்டா நாங்க வரலாமா? அகில் உள்ள வர வேண்டாம். பைக்கோட கேட்டுக்கு வெளியில நிக்கட்டும். நான் மட்டும் அடுக்களையில இத்திரி நேரம் இருந்துட்டுப் போறேன்."

"அவளுவ ஒரு வாய் தின்னட்டும் மக்கா. தின்னா பொறவு எனக்கு யாரைப் பயம்? நீ வா."

கூட்ட நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்னபாய் அடுக்களையில் இறங்கினாள். கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் நக அளவுக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, வெள்ளத்தில் போட்டு அலசி, பழைய வேட்டித்துணியில் பரத்தி ஈரம் போக ஒற்றி எடுத்தாள். ஈரம் இருந்தால் கிழங்கு வேகுமே தவிர மொறுகாது. கேரட்டும் பீன்சும் அதே அளவு. சின்ன உள்ளி, நல்லமிளகு, கறிவேப்பிலை. சீனச்சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டு, உள்ளியை வதக்கி, கிழங்கைக் கொட்டிப் பரப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கிளறக் கூடாது. கிளறக் கிளறக் கிழங்கு குழைந்து, ஆசுபத்திரிக் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அதைச் சும்மா விட்டு, அடி பொன்னிறமானதும் ஒரே ஒரு புரட்டு. இதுதான் இதில் உள்ள ஒரே வித்தை. இதிலுள்ள ஆபத்தும் அதுதான்: சீனியுள்ள கிழங்கு, பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவில் ஒரு தும்மல் நேரம்தான்.

பரீட்சைக்காகப் போட்ட முதல் ஈடு அருமையாக வந்தது. அதை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அடைத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். வாசலில் நின்ற சத்தியராஜ் டப்பாவைப் பார்த்தார்.

"மோளுக்கு," என்றாள். அவர் தலையாட்டினார்.

கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். தள்ளி வைத்த வீட்டுக்கு வருவதில் சபைப் பெண்கள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பாட்டு முடிந்து, ராபின்சன் உபதேசியார் வேதம் வாசித்து விளக்கம் சொல்லத் தொடங்கினார். உபதேசியார் மெலிந்த மனுஷன், கூர்மையான மூக்கு. அடுக்களையிலிருந்து மணம் வந்த ஐந்தாம் நிமிஷத்தில் அவருடைய பிரசங்கம் பரலோகத்தை எட்டிவிடும் என்பது ஊரறிந்த உண்மை. ரத்னபாய் அதைத்தான் கணக்கில் எடுத்திருந்தாள். கிழங்கு சூடாகத் தட்டுக்கு வரவேண்டும் என்று, பெரிய ஈட்டைச் சட்டியில் பரப்பி, தீயைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து முழங்கால் போட்டாள். கணக்கு தப்பவில்லை. மணம் வந்தது, உபதேசியார் முடித்தார்.

"கடைசி ஜெபம் நான் பண்ணுதேன் உபதேசியாரே," என்றாள் லீலாபாய்.

லீலாபாய் பெண்கள் சங்கத்துச் செயலாளர். ஆண்டவரைப் புகழ்வது தமிழில், ஆளைக் குறை சொல்வது மலையாளத்தில் என்று அவளுக்கு ஒரு முறை உண்டு. நேருக்கு நேர் ஒருவரையும் ஒரு சொல் சொல்லமாட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஜெபத்தில் சொல்வாள். அதில் ஒரு சௌகரியம்: கேட்கிறவர் கண்ணை மூடியிருக்க வேண்டும். பதில் பேசக் கூடாது. பேச அனுமதியுள்ள ஒரே சொல் ஆமென்.

"கர்த்தாவே, இந்த வீட்டின் வெட்கத்தை நீர் அறிவீர். வழிதவறிப்போன ஆட்டுக்குட்டி எங்கே கிடக்கிறது என்று நீர் அறிவீர்." குரல் மலையாளத்துக்குத் தாவியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று தங்களுக்கும் தெரியும் என்றாள். வளர்ப்பில் குறை வைத்த தாயை மன்னிக்கும்படி கெஞ்சினாள். "ஆமென்," என்றார்கள் எல்லோரும். சத்தியராஜும் சொன்னார்; அவருக்குப் பழக்கம்.

அடுக்களையிலிருந்து பொன்னிற மணம் வந்தது. புரட்ட வேண்டிய நேரம். லீலாபாயின் மூக்கு ஒருமுறை விடைத்தது. அவள் ஜெபத்திலேயே பொழியூருக்குக் கிளம்பினாள். கடல் தின்று போன கரைக்காக ஜெபித்தாள், வள்ளத்தில் போகிறவர்களுக்காக ஜெபித்தாள், வள்ளம் இல்லாதவர்களுக்காகவும் ஜெபித்தாள். அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கு வந்து, அட்மிட் ஆனவர்களுக்காக ஒரு சுற்று, டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்காக ஒரு சுற்று.

ரத்னபாய் ஒரு கண்ணைத் திறந்து அடுக்களைப் பக்கம் பார்த்தாள். எழுந்துபோய்ப் புரட்டிவிட்டு வரலாம். ஆனால் ஒருமுறை தங்கபாய் ஜெபத்தின் நடுவே குக்கர் விசிலுக்கு எழுந்துவிட்டாள். கர்த்தரைவிடக் குக்கர் பெரிதாகப் போன பெண் என்ற பேர் அவளுக்கு இன்றும் மாறவில்லை. ரத்னபாய் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கிழங்கு கருகுவதை மூக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரிந்த வாடை கூடம் முழுக்கப் பரவியது. லீலாபாய் அந்த நிமிஷமே, "ஆமென்," என்றாள்.

"ஐயோ ரத்னம், என்னமோ கரியுதே பெண்ணே!" என்றாள் அவளே.

"பாவம், கஷ்டப்பட்டுச் செஞ்சிருப்பா," என்றாள் சாராபாய், முகம் மலர. நெஞ்செரிச்சலைத் தேட வேண்டிய வேலை அவளுக்கு மிச்சம்.

"ஒண்ணும் வேண்டாம் மக்கா," என்று லீலாபாய் சேலையைச் சரிசெய்தாள். "இத்திரி வெள்ளம் போதும்."

ரத்னபாய் அடுக்களைக்குப் போனாள். அடி முழுக்கக் கரி. மேல்பாகம் பரவாயில்லை, அதை மட்டும் வழித்தால் ஆளுக்குக் கொஞ்சம் தேறும். அவள் சட்டுவத்தை அடியில் கொடுத்து, கரியையும் சேர்த்துச் சுரண்டிக் கிளறினாள். ஏனத்தில் கொட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"தின்னும்முன்ன ஸ்தோத்திரம் சொல்லணும் இல்லியா? இது எனக்க வீடு. நான் சொல்லுதேன்."

மறுக்க வழியில்லை. உபதேசியார் கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள்.

"கர்த்தாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். லீலாபாய் அக்காவுக்கு சுகர் உண்டு. நேற்று பாறசாலைப் பேக்கரியில் நின்று அக்கா லட்டு தின்றபோது ஒரு கேடும் வராமல் காத்தீரே, அதே கிருபையை இன்றைக்கும் தாரும்."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"தங்கபாய்க்கு உபவாசம். போன உபவாச நாளில் சாராபாயின் வீட்டில் கோழி தின்றதை மன்னித்ததுபோல் இந்தக் கிழங்கையும் மன்னியும். அந்தக் கோழியால் எரியாத சாராபாயின் நெஞ்சு இதனாலும் எரியாதிருக்கட்டும்."

"ஆமென்," என்றார் சத்தியராஜ். வேறு யாரும் சொல்லவில்லை.

"கடைசியாக, வழிதவறிப்போன பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறேன். என் மகளை நீர் அறிவீர், ஊரும் அறியும். ஊர் அறியாத பிள்ளைகளும் உண்டு. துபாயில் இருக்கும் லீலாபாய் அக்காவின் மகன் ஈசாக்குக்காக ஜெபிக்கிறேன், கர்த்தாவே. அவன் தனியாக இல்லை என்று நீர் அறிவீர். அவன் கூட இருக்கிற..."

"ஆமென்!" என்றாள் லீலாபாய். அந்த ஆமென் தெருவரைக்கும் கேட்டது. "ஆமென், ஆமென். போதும் மக்கா. கர்த்தருக்குக் கேட்டாச்சு. ஆறிப்போவுது, விளம்பு."

அவளே ஏனத்தை இழுத்து ஒரு தட்டு நிறைய எடுத்தாள். அவள் எடுத்தபின் மற்றவர்களுக்கு வேறு வழி? கூடத்தில் கரி கடிபடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ரத்னபாய் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். விழுங்குகிற ஒவ்வொரு தொண்டையையும் பார்த்தாள்.

"இத்திரி கரிஞ்சாத்தான் சுகருக்கு நல்லதாக்கும்," என்றாள் லீலாபாய், கண்ணில் நீர் முட்ட.

"இன்னும் கொஞ்சம் போடட்டா அக்கா?"

"போடு."

போட்டாள். அடியில் கிடந்ததாகப் பார்த்துப் போட்டாள்.

தட்டைக் கீழே வைத்த லீலாபாய் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "அடுத்த மாசம் கூட்டம் எனக்க வீட்டிலயாக்கும். நீ காலத்தயே வந்து அடுக்களையில நிக்கணும். நீ வந்தாத்தான் எனக்கு ஒரு பெலம்." பிறகு காதோடு, "பிள்ளையளுக்க காரியம் நமக்குள்ள இனி வேண்டாம். எனக்க வீட்டுப் பேச்சு நீ எடுக்காத. உனக்க வீட்டுப் பேச்சு நான் எடுக்கேல. உனக்கு அப்படி ஒரு மோளு இருந்ததாவே நாங்க யாரும் நினைக்கேல. போருமா?"

ரத்னபாய் அந்தப் பிடியைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அவள் கையை இப்படி யாரும் பிடிக்கவில்லை.

"போரும் அக்கா," என்றாள்.

போன் அடித்தது. திரையில் 'கேஸ் ஏஜென்சி'. சுற்றிலும் பெண்கள். அவள் எடுத்தாள்.

"அம்மா, நாங்க ஜங்ஷன்ல நிக்கோம். தின்னாச்சா? வரட்டா?"

"இப்ப வேண்டாம்," என்றாள் ரத்னபாய். "இங்க நிறைய இருக்கு."

"அம்மா?"

"தேவைப்பட்டா நான் விளிக்கேன். அதுவர இங்கோட்டு விளிக்க வேண்டாம்."

"யாரு மக்கா?" என்றாள் லீலாபாய்.

"கேஸ்காரன். கொண்டு வரட்டான்னு கேக்கான்."

"இவனுவ தொந்தரவு தாங்க வய்யா. அது கெடக்கட்டு, வீட்டில அவரு இருக்காரு, அவருக்கும் ஒரு வாய் கொண்டு போறேன். இத்திரி பொதிஞ்சு தா. கரியாதது உண்டா?"

ரத்னபாய் அடுக்களைக்குள் போனாள். ஜன்னல் திண்டிலிருந்த டப்பாவை எடுத்தாள். இன்னும் லேசாகச் சூடிருந்தது. வாசலை மறித்துச் சத்தியராஜ் நின்றார்.

"அது மோளுக்குள்ளது இல்லியா?" என்றார்.

அவர் பேசிக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. ரத்னபாய் அவரை ஒரு நாற்காலியைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். "அக்கா, டப்பாவ மெதுவா தந்தா போதும்," என்று அவள் சொல்வது கேட்டது.

சத்தியராஜ் அடுப்பின் முன்னால் கொஞ்சநேரம் நின்றார். பிறகு சீனச்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அடியில் ஒட்டியிருந்ததை ஒரு கரண்டியால் சுரண்டித் தின்னத் தொடங்கினார்.