சத்தமில்லாத நான்கு நிமிடம்

"...இண்டர்வெல் வரைக்கும்தாண்ணா தெரியும். அந்தத் திருடன் திரும்பி வந்தானா இல்லியா, அத்த மட்டும் பாக்கணும்," என்றார் ஏகாம்பரம். மானாம்பதியில் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். உத்திரமேரூரில் எங்கள் கேபிள் கண்ட்ரோல் ரூமுக்கே வந்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துவிட்டார்.

லோக்கல் சேனலில் மத்தியானம் பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப்படம் போடுவது என் வேலை. அன்றைய படத்தில் அப்பாவைப் பறிகொடுத்த சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு திருடன் ஓடுவான். ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, "வந்துடறேன்" என்று போவான். அதோடு இடைவேளை.

ஏழு வயதில் டெண்டுக் கொட்டகையில் அதைப் பார்த்தாராம். "அந்த இண்டர்வெல்ல நைனாவும் அப்டிதான் சொல்லிட்டு, முறுக்கு வாங்க ரோட்டத் தாண்டுனாரு. லாரி அட்ச்சிட்ச்சி. என்னைத் தூக்கினு வந்துட்டாங்க. அதுலேர்ந்து எவனாச்சும் வரேன்னா நம்பறதில்லண்ணா."

"கதையச் சொல்லிடட்டுமா?"

"வேணாம். வூட்ல பசங்க எதிர்க்கப் பாக்க முடியாது. இங்கியே குந்திக்கினு பாக்கறேன்."

இடைவேளை முடிந்ததும் நேராகக் கோர்ட் சீன் வந்தது. கூண்டில் திருடன். பையனைக் காணோம். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "வரலியா?"

பேச்சோ பாட்டோ இல்லாத இடம் வந்தால், "இன்னாப்பா, சவுண்டு வரல" என்று வரிசையாக போன் வரும். அதனால் அந்த மாதிரி இடங்களை முன்னாலேயே கட் பண்ணிவிடுவது என் பழக்கம். பையன் பெஞ்சில் காத்திருக்கும் நான்கு நிமிடமும் அப்படித்தான் போயிருந்தது.

"வந்தான்பா. நான்தான் வெட்டிட்டேன்."

"என் மனசு நோவும்னு பொய் சொல்ற நீ."

பரணில் கிடந்த, அந்தப் படத்தின் வெட்டாத பழைய டிவிடியை எடுத்துத் துடைத்தேன். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இதை இடைவேளையிலிருந்து போட்டேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. ரயில்கள் போயின. பையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் திருடன் வந்தான். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பையன் மடியில் வைத்தான்.

அன்றிலிருந்து எந்தப் படத்திலும் சத்தமில்லாத இடத்தில் நான் கை வைப்பதில்லை. போன் பண்ணித் திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

படம் அடுத்த சீனுக்குப் போனது. ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொல பண்ணது யாருன்னு இனிமேதான் வரும். இன்னும் அரைமணி நேரம் கீது, பாரு," என்றேன்.

"அவன் யாரா இருந்தா எனக்கு இன்னாண்ணா. அந்த பெஞ்சு சீன இன்னொருவாட்டி போடு," என்று சேரை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.