கறுப்புப் பெயின்ட் அடித்த அன்டெனா

1. அழகான கிராஃப்

நவ்ஷாத் வந்த அன்று கண்டியில் விடாத மழை. அலவத்துகொடக்காரர், சொந்தமாக எலக்ட்ரோனிக்ஸ் தொழில் செய்பவர். மண்சரிவில் புதையுண்டவர் மூச்சு விடுவதை மேலிருந்தே கண்டுபிடிக்கும் ரேடார் பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். அடுத்த பெருமழைக்கு முன் மீட்புக் குழு ஒன்று அதை வாங்குவதாக இருந்தது. அன்டெனாவுக்கு எங்கள் பரிசோதனைக்கூடத்தின் ரிப்போர்ட் வேண்டும். நான் அப்போது அங்கே மூத்த பொறியியலாளர்.

"வெயில் காலத்துல வீட்டுத் தோட்டத்துல நல்லா வேல செஞ்சிச்சு மிஸ். போன கெழம ஹுன்னஸ்கிரியில, மண்மேட்டுக்கு அடியில போற சிமெந்துக் குழாய்க்குள்ள மச்சான படுக்க வெச்சு, மேல பெட்டிய வெச்சேன். ஆளில்லண்டு காட்டிச்சு. ஈர மண்ணு, அதான். அன்டெனா சோக்கா ஈக்குது, கிராஃபப் பாருங்க."

பார்த்தேன். அனலைசரில் அன்டெனாவை மாட்டினால், அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று கோடு காட்டும். அலைவரிசைப் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய ஒன்றுமே திரும்பவில்லை. அவ்வளவு அகலமான பட்டையில் நம்ப முடியாத அப்படி ஓர் அழகைக் கண்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்கு மேல் அவர் "வெள்ளிக்கிழம ரிப்போர்ட் தாங்க" என்றதும் கோபமே வந்துவிட்டது.

மேசை லாச்சியிலிருந்து விரல் நுனி அளவு டம்மி லோட் ஒன்றை எடுத்து மாட்டினேன். கொடுக்கும் சக்தி முழுவதையும் சூடாக மாற்றித் தின்றுவிடும் சாமான் அது, வெளியே எதையும் விடாது. கோடு அன்டெனாவினதைவிட அழகாக விழுந்தது.

"இதையே பெட்டியில பூட்டிருவமா தம்பி? கிராஃப் இன்னும் நல்லா இருக்கே!"

"பகிடி பண்ணாதீங்க மிஸ்."

"பகிடி இல்லங்க. திரும்பி வரலங்கிறது வேற, வெளிய போச்சுங்கிறது வேற. நடுவுல யாரு தின்னா?"

2. தகர அறை

எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் எஃபிஷியன்சி. சிறிய அன்டெனாவின் மேல் உலோக மூடி ஒன்றைக் கவிழ்த்து அதை அளப்பார்கள். நவ்ஷாத்தினதைப் போல மிக அகலமான பட்டையில் வேலை செய்யும் அல்ட்ரா-வைட்பேண்ட் அன்டெனா என்றால் அந்த மூடியே இடையிடையே ஒத்ததிர்ந்து பொய் சொல்லும். அதனால் நாங்கள் சுவர், கூரை, தரை எல்லாம் தகடு அடித்த ஓர் அறையை நம்பினோம். உள்ளே பெரிய தகரத் துடுப்பு மெதுவாகச் சுற்றி அலைகளைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அன்டெனா எந்தப் பக்கம் அலையை விட்டாலும் அது அறைக்குள் சேர்ந்துவிடும். எஃபிஷியன்சி தெரிந்த இன்னோர் அன்டெனாவோடு சராசரியை ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது.

நவ்ஷாத்தின் பையில் அதே மாதிரி உதிரி அன்டெனா ஒன்று கிடந்தது. இரண்டையும் அளந்தோம். உதிரி, கொடுத்ததில் ஐந்தில் நாலு பங்கை வெளியே விட்டது. பெட்டியில் இருந்தது கீழ் அலைவரிசையில் பாதியைக்கூட விடவில்லை. மேலே போகப் போக ஐந்தில் ஒரு பங்குதான்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெட்டியிலிருந்து கழற்றியது மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"இது என்ன பூச்சு?"

"மழைக்குப் பழுதாகாம மச்சான் அடிச்சாரு. அவர்ட கராஜ்ல பஸ்ஸுக்கு அடியில அடிக்கிற பெயின்ட். அத அடிச்ச பொறகுதானே மிஸ் கிராஃப் இவ்வளவு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மலைநாட்டு மழைக்குப் பயந்து கேட், தண்ணீர்த் தாங்கி, பஸ் என்று எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பவர்கள் நாங்கள். இந்தப் பெயின்டில் கரி கலந்திருந்தது. அலையைத் தின்றது அதுதான். தின்றதால் திரும்பி வர ஒன்றும் மிஞ்சவில்லை. நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவில்லை.

3. ஹுன்னஸ்கிரிய

மழை விட்டபாடில்லை. அதே ஈர மண், அதே குழாய், அதே மச்சான். பூச்சில்லாத அன்டெனாவைப் பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார் நவ்ஷாத். சற்று நேரத்தில் திரையில் மூச்சுக்கோடு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மச்சான் சேற்றோடு ஊர்ந்து வெளியே வந்தார். அவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டினோம். தன் மூச்சு போய்வந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, போன தடவையும் நான் மூச்சு உட்டுட்டுத்தானே கெடந்தேன்?"



இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது அந்தக் கேள்விதான். கிராஃப் அழகாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடப் போகும்போது, மண்ணுக்கு அடியில் படுத்திருக்கும் அந்த மனிதரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அன்டெனாவைக் கழற்றித் தகர அறைக்குக் கொண்டுபோங்கள்.