லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று பார்த்த சிட்னியும் மெல்பேர்னும்

லிஃப்ட் திருத்துகிறவனை ஒருத்தரும் சந்தோசமாக இருக்கும்போது கூப்பிடுவதில்லை. லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறவரை அப்படி ஒரு பிறவி இருப்பதே சனத்துக்குத் தெரியாது. நீங்களும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டுப்பட்டு, அந்த மணிப் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் நொந்திருப்பீர்கள். ஆகையால் உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

சிட்னியில் கனகாலம், பிறகு மெல்பேர்னில் ஒரு வருசம், இதுதான் என் தொழில். சனம் இந்த இரண்டு நகரத்தையும் தூரத்தில் நின்று படம் எடுத்து, எது வடிவு என்று சண்டை பிடிக்கும். நான் இரண்டையும் உள்ளுக்குள் இருந்து பார்த்தவன். உள்ளுக்குள் இரண்டும் ஒன்றுதான். இருட்டு, கிறீஸ் மணம், மேலிருந்து தொங்குகிற கம்பிக் கயிறு. வித்தியாசம் சனத்தில்தான் இருக்கிறது. கதவு திறந்ததும் ஆட்கள் முதலில் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பது என் பழக்கம். பலர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

அவர்கள் சொல்வதற்கு முதல் நான் கதைக்கவேண்டும். எனக்குத் தொழில் பழக்கிய கிரேக்கக்காரர், திருத்துகிற ஆயுதப் பெட்டியைத் திறக்க முதல் வாயைத் திற என்பார். மாட்டுப்பட்ட மனிசருக்கு வெளியில் ஒரு குரல் கேட்டால் பாதிப் பயம் போய்விடுமாம். அன்றிலிருந்து நானும் கதவோடு வாயை வைத்து அலட்டுவேன். லிஃப்ட் விழாது, காத்து வரும், நிலத்தில் இருங்கோ, எந்த ஊர், எத்தனை பிள்ளை. வீட்டில் இதில் காற்பங்குகூடக் கதைக்கமாட்டேன். வேலையில் வாய் தேய்ந்தவனுக்கு வீட்டில் என்ன மிச்சம்.

இப்போது என் தலையிடியையும் சொல்லிவிடுகிறேன். கொம்பனி என்னை ஒரு வருசத்துக்கு என்று மெல்பேர்னுக்கு அனுப்பியது. மனைவி ஜெனிற்றாவும் மகள் ஷரனும் சிட்னியில், மெரிலேண்ட்ஸ் வீட்டிலேயே நின்றார்கள். வருசம் முடிகிறபோது, நிரந்தரமாக மெல்பேர்னிலேயே நில், சிட்னியில் உன் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். ஒன்றில் அவர்கள் இரண்டு பேரும் இங்கே வரவேண்டும், இல்லையென்றால் நான் வேலையை விடவேண்டும். ஜெனிற்றாவுக்கு மெரிலேண்ட்ஸில் தமக்கை, வேலை, கோயில், சிநேகிதம் எல்லாம் இருக்கிறது. போனில் ஒரே ஒருதரம் கேட்டேன். "பாப்பம்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நான் கேட்பது, "சாப்பிட்டீரோ, பிள்ளை என்ன செய்யிறா, சரி வைக்கிறன்," அவ்வளவுதான்.

கண்ணாடி லிஃப்ட்

சிட்னித் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கந்தோர்க் கட்டடம், எல்லா மாடியிலும் ஆபீஸ். வெளிச்சுவரோடு ஓடுகிற கண்ணாடி லிஃப்ட். சிட்னி இப்படித்தான், தண்ணீரைக் காட்டுவதற்கென்றால் எந்தக் கூத்தும் ஆடும். நடுவழியில் அது நின்றபோது உள்ளே ஒரு பெரிய மனேஜர் தனியே நின்றார். நான் வழமையான பாட்டைத் தொடங்கினேன். விழாது, காத்து வரும். உள்ளேயிருந்து பதில் இல்லை. மயங்கிவிட்டாராக்கும் என்று அவசர அவசரமாக மெஷின் அறைக்கு ஓடினேன்.

லிஃப்ட் பெட்டியைக் கையால் இறக்கி, கதவைத் திறந்து பார்த்தால் மனிசர் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கட்டடத்தில் பல வருசம் வேலையாம். மேசை மற்றப் பக்கச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்ததாம். எனக்கு வந்த ஆறுதலுக்கு அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம். அந்தக் கப்பல் இப்பத்தான் திரும்புது."

அலுமாரி அளவில் ஒன்று

சிட்னியில் கண்ணாடிக் கோபுரங்களுக்கு இடையில் பழைய மணற்கல் கட்டடங்களும் செருகிக்கொண்டு நிற்கும். வெளியில் அரண்மனை, உள்ளே லிஃப்ட் அலுமாரி அளவில். மேல் மாடிகளில் வக்கீல்மார் இருப்பார்கள். அப்படி ஒன்றில் ஒருநாள் காலை ஒருவர் மாட்டுப்பட்டார். கதவில் காதை வைத்தால் தமிழில் கடவுளைக் கூப்பிடுகிற சத்தம். "அண்ணை, பயப்பிடாதேங்கோ, நானும் தமிழ்தான்" என்றேன். அவ்வளவுதான், மனிசர் கொட்டத் தொடங்கிவிட்டார். படகில் வந்தவர். தற்காலிக விசா. மேலே வக்கீல் காத்திருக்கிறார், இன்றைக்கு விட்டால் பிறகு எப்போது சந்திக்கக் கிடைக்கும் என்று தெரியாது. அவருக்கு விழுந்துவிடுவோமா என்ற பயம் இல்லை, பிந்திவிடுவோமா என்ற பயம்தான்.

துப்புரவு செய்துகொண்டிருந்த அம்மாவை மேலே அனுப்பி வக்கீலுக்குச் சொல்லுவித்தேன். நல்ல மனிசி, அந்த வக்கீல். படியால் இறங்கி வந்து, பைலோடு என் பக்கத்தில் நின்றுகொண்டா. நான் வேலை முடியும்வரை உள்ளே நின்றவரோடு ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் வந்தவர் வக்கீலைக் கண்டதும் கண் கலங்கி, பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னார்: "தம்பி, படகும் ஒருக்கா இப்பிடித்தான் இடையில நிண்டது. அங்க கதவுக்கு வெளியில நிண்டு கதைக்க ஒருத்தரும் இருக்கேல்லை."

மதுரையிலிருந்து ஒரு குரல்

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் எனக்கு விசர் பிடித்த மாதிரி இருந்தது. தெரு எல்லாம் அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறியது போல. எந்தச் சந்தியில் நின்றாலும் ட்ராம், எந்தச் சந்திலும் கோப்பிக்கடை. அதைவிடப் பெரிய வித்தியாசம், இங்கே நகரத்து நடுவிலேயே சனம் குடியிருக்கிறது. சிட்னியில் என்னிடம் மாட்டுப்பட்டவர்கள் அநேகமாகக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார்கள், இங்கே அரிசிப் பையோடும் நாய்க்குட்டியோடும் இருந்தார்கள். கட்டடங்களின் உயரமும் கூட. காற்று அடித்தால் கோபுரம் மெல்ல ஆடும், உள்ளே கயிறும் ஆடும், லிஃப்ட் பயந்து தானாக நின்றுவிடும்.

அப்படிக் காற்று அடித்த ஒரு நாள் மதுரைப் பிள்ளை ஒருத்தி மாட்டுப்பட்டாள். நகரத்துக்கு வெளியே கிளேட்டனில் படிக்கிறாளாம், நகரத்தில் இருக்கிற தோழியைப் பார்க்க வந்தவள். மேல் மாடத்திலிருந்து நகரம் முழுக்க வீடியோவில் காட்டுகிறேன் என்று தாய்க்குச் சொல்லி, போனையும் கையில் பிடித்துக்கொண்டே ஏறியிருக்கிறாள். தாய்க்குத் தெரிந்தது தகரச் சுவர். "ஏம்மா, இதுதான் மெல்பேர்னா" என்று தாய் கேட்கிறது எனக்கு வெளியில் கேட்டது. நான் பேசுகிற அலட்டல் முழுவதையும் மதுரையும் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் பிள்ளை சிரித்துக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினாள். முதல் பேச்சு அதிலிருந்துதான் வந்தது: "இவ்ளோ நேரம் பேசினீங்களே தம்பி, நீங்க சாப்டீங்களா?"

நடுவர் வேலை

மெல்பேர்னின் மேற்குப் பக்கம் ஒரு கந்தோர்க் கோபுரம். உள்ளே இரண்டு பேர். ஒருவர் சிட்னியிலிருந்து கூட்டத்துக்கு வந்தவர், மற்றவ உள்ளூர்க்காரி. அழுகைச் சத்தம் வரும் என்று காதை வைத்தால் உள்ளே பெரிய வாக்குவாதம். "எங்களுக்குத் துறைமுகம் இருக்கு, பாலம் இருக்கு, அதுக்குப் பின்னால கட்டடம் எழும்பினா ஒரு அர்த்தம் இருக்கு. உங்களுக்கு என்ன, மண் நிறத்தில ஒரு ஆறு" என்று அவர். "நீங்கள் படத்துக்கு நிக்கிற ஊர். பின்பக்கம் வந்து பாத்தா மாடு நடந்த வழியில தார் ஊத்தின மாதிரித் தெரு. இஞ்ச தொலைஞ்சு போக நினைச்சாலும் ஏலாது" என்று அவ.

நான் இரண்டு ஊரிலும் வேலை செய்தவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே என்னை நடுவராக்கிவிட்டார்கள். சிட்னியில் விமானம் போகிற பாதை என்று கட்டடங்களை ஓரளவுக்கு மேல் வளர விடுவதில்லை, அதனால் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெருக்கமாக நிற்கும் என்றேன். மெல்பேர்னில் விமான நிலையம் தூரம், ஒவ்வொன்றும் தன்பாட்டில் மேலே போகும், எனக்கென்றால் எதில் மெஷின் அறைக்குப் போகிற படி சுகமோ அந்த ஊர்தான் வடிவு என்றேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசத் தொடங்கினார்கள். கதவைத் திறந்து வழிவிட்டால், அந்த அம்மா வெளியில் வராமல் விரலை நீட்டிச் சொன்னா: "கதவைச் சாத்துங்கோ. இந்தச் சிட்னிக்காரரோட எனக்கு வாதம் இன்னும் முடியேல்லை."

விமான நிலையத்திலிருந்து வருகிற வழி

பள்ளி விடுமுறைக்கு ஜெனிற்றாவும் ஷரனும் வந்தார்கள். பாப்பம் என்று சொன்னவள் பார்க்க வந்திருக்கிறாள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம், அதைவிடக் கூடப் பயம். விமான நிலையத்திலிருந்து வருகிற பெருந்தெருவில் ஒரு வளைவு கடந்ததும் கோபுரங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி நிற்கும். பின்னேர வெயிலில் பொன்னிறம். அந்த இடம் வரும்வரை நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு வந்தேன், பிறகு காரை மெதுவாக ஓட்டினேன். ஷரன் "வாவ், அப்பா" என்றாள்.

ஜெனிற்றா மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவள். வடக்கும் தெற்குமாகக் கண்ணாடியால் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வடிவுதான். கடலைத்தான் காணேல்லை."

நான் தொடக்கூடாத லிஃப்ட்

அடுத்த நாள் ஒரு வீடு பார்க்கப் போனோம். ட்ராம் ஓடுகிற தெருவில், ஒன்பதாம் மாடி. நான் கார் விடப் போக, அவர்கள் இரண்டு பேரும் வீடு காட்டுகிற ஏஜென்டோடு லிஃப்டில் ஏறினார்கள். திரும்பி வந்தால் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, கண்டறியாத சனியன் லிஃப்ட். படியால் ஓடினேன். "ஜெனிற்றா" என்று கூப்பிட்டேன். "ஓம், இஞ்சதான் நிக்கிறம்" என்று மெல்லிய குரல் வந்தது. ஷரன், "அப்பா, ஆர் வீ கோயிங் டு ஃபால்?" என்றாள்.

அது வேறு கொம்பனியின் லிஃப்ட். நான் கை வைத்தால் என் லைசென்ஸ் போய்விடும், அவர்களுடைய ஆள்தான் வரவேண்டும். வாழ்க்கையில் முதல்தரம் சாவியும் இல்லாமல், ஆயுதமும் இல்லாமல் ஒரு கதவுக்கு முன்னால் நின்றேன். கதவோடு ஒட்டி நிலத்தில் குந்திவிட்டேன். வாய் மட்டும் தன்பாட்டில் தொடங்கியது. விழாது, காத்து வரும், நிலத்தில இருங்கோ. எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்து நிறுத்தினேன். மன்னார் என்று எனக்குத் தெரியாதா. எத்தனை பிள்ளை என்றும் கேட்கேலாது, இருக்கிற ஒரு பிள்ளையும் உள்ளேதான் நிற்கிறது.

பாட்டு முடிந்துவிட்டது, நிறுத்தினால் அவர்கள் பயப்படுவார்கள். அதனால் வாயில் வந்ததைக் கதைத்தேன். ஒவ்வொரு நாளும் பருப்பும் சோறும்தான் சமைக்கிறேன் என்று சொன்னேன். இந்தத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடம் விடுகிற நேரம் போய், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்ததைச் சொன்னேன். காலையில் வேலைக்குப் போகும்போது கோபுரங்களில் வெயில் படுவதைப் பார்த்தால், பக்கத்து சீற்றில் அவள் இல்லையே என்று ஏக்கமாக இருக்கும் என்றும் சொன்னேன். பிறகு அதுவும் வந்தது. "நீங்கள் வராட்டில் நான் வேலையை விட்டிட்டு வாறன், அதில ஒரு கதையும் இல்லை. ஆனா எனக்கு நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச வாறதுதான் விருப்பம். நீர் மாட்டன் எண்டு சொல்லிப்போடுவீர் எண்ட பயத்திலதான் திருப்பிக் கேக்காமல் விட்டனான்." உள்ளேயிருந்து ஷரனின் குரல்: "அம்மா இஸ் க்ரையிங், பட் ஷீ இஸ் ஓகே."

ஒருவழியாக அந்தக் கொம்பனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி, அலட்டாமல் வேலையை முடித்தாள். கதவு திறந்ததும் ஏஜென்ட் ஒரே பாய்ச்சலில் படிப்பக்கம் போய்விட்டான். ஷரன் என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெனிற்றா கடைசியாக வந்து, தலைமயிரை ஒதுக்கி, கண்ணைத் துடைத்து, என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள்: "ஒரு வருசம் போனில கதைக்காததை எல்லாம் ஒரு கதவோட கதைச்சு முடிச்சிட்டியள். வாங்கோ, குசினிக்கு யன்னல் இருக்கோ எண்டு பாப்பம். படியால போவம்."

குசினிக்கு யன்னல் இருந்தது, அந்த வீட்டுக்கே குடிவந்தோம், இப்போது அதால் மெல்பேர்ன் கோபுரங்கள் அத்தனையையும் பார்த்துக்கொண்டே சமைக்கிற ஜெனிற்றா ஒவ்வொரு நாளும் சிட்னிதான் வடிவு என்கிறாள், நானும் கதவு ஒன்றும் குறுக்கே இல்லாமலே "ஓம், ஓம்" என்று கதைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.