கார் கண்ணாடியை ஏற்றியவர் கிருபாவதி

போன செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்குப் பட்டறையில் டெலிபோன் மணி அடித்தது. "அண்ணா, திருப்பதி ஆஸ்பத்திரி லைன்ல இருக்குது, பேசுங்க" என்று சொன்னவர் சரோஜா. சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் மனைவி கிருபாவதிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. லைனைக் கொடுத்ததும் ஆபரேட்டர் விலகிவிட வேண்டும். அன்று சரோஜா விலகவில்லை. கிருபாவதி போய்விட்டார் என்று வார்டு சிஸ்டர் சொல்லி முடித்தபோது லைனில் இன்னொரு மூச்சும் கேட்டது.

மஞ்சள் காமாலை. பதினோரு நாள் படுக்கை. மாற்றுத் துணி எடுக்க அன்று காலைதான் சித்தூர் வந்திருந்தேன். வாக்குக் கொடுத்த வேலை ஒன்று இருந்ததால் பட்டறைக்குப் போனேன். போனை வைத்துவிட்டு, பாதி முறுக்கியிருந்த ஸ்க்ரூவை முழுவதும் முறுக்கினேன். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

சபைத் தாளுக்கு நாலு வரி எழுதித் தரும்படி போதகர் கேட்டார். நாலு வரியில் முடியாது. வீட்டில் நீ, வா என்று பேசியவரை இங்கே 'அவர்' என்றுதான் எழுத வருகிறது.

சித்தூரில் போன் வைத்திருந்த எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் நம் சபையார் மட்டும்தான். புத்தூர்க்காரர், வாத்தியார் மகள். எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். நான் டிப்ளமா முடித்து, காணிப்பாக்கம் ரோட்டில் பட்டறை போட்டிருந்தேன்.

கல்யாணமான ஆறாம் மாதம் வெல்லமண்டி நாயுடுகாரு தம் அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருபது வருஷத்துப் பழைய வண்டி. பட்டனை அழுத்தினால் ஜன்னல் கண்ணாடி மோட்டாரில் ஏறி இறங்கும். ஆனால் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஊர்ந்தது, பின்கதவுக் கண்ணாடி சாய்ந்து போய்ப் பாதியில் சிக்கியது. திருப்பதியிலும் மெட்ராஸிலும் கைவிட்டுவிட்டார்கள். பத்து நாளில் நாராயணவனத்தில் மகள் கல்யாணம், பெண் அந்தக் காரில்தான் போக வேண்டும். "ஆவலேது, முடியாதுன்னா இப்பவே சொல்லிடு தம்பி, இத்த இரும்புக் கடைக்கு அனுப்பிடறேன்" என்றார்.

பின்கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடியைத் தூக்கும் கையை நிமிர்த்தி, அது ஓடும் தண்டவாளத்தை நேராக்கினேன். சாய்வு போனது. அது என் வேலை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஊர்வது ஊர்ந்துகொண்டேதான் இருந்தது. மோட்டாரைப் பிரித்தேன், கார்பன் புருசு மாற்றினேன், கிரீஸ் போட்டேன். ஐந்து நாள் போயிற்று.

டியூட்டி முடிந்து சோற்றுக் கேரியரோடு வந்த கிருபா பட்டனை அழுத்தி எண்ணினார்.

"பதினெட்டு செகண்டு. அதுக்குள்ள மெட்ராஸே லைனுக்கு வந்துடும், இன்ஜினியர் சார்."

"மோட்டார் வீக்கு."

"நேரா பேட்டரியில வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்ப நல்லாத்தான் ஓடுது."

"அப்ப அது மேல இன்னாத்துக்குப் பழி? இந்தப் பட்டனைத் தொட்டுப் பாருங்க, சுடுது. அத்தினி கரண்ட்டும் இது வழியாவா போவுது?"

"ஆமா."

"எங்க போர்டுல நான் கீயைத் தட்டறதோட சரி. பெரிய வேலையெல்லாம் பின்னாடி ரிலே சுவிச்சு பண்ணிக்கினு இருக்குது. இதுக்கும் ஒண்ணு வெச்சா இன்னா?"

டெலிபோன் வேறு, கார் வேறு என்று சிரித்தேன். அவர் கைப்பையிலிருந்து வெளியூர் கால்களைக் குறிக்கும் டிரங்க் கால் டிக்கெட்டில் வீணான ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தார். "சோத்த துன்னுட்டுப் பாருங்க" என்று போய்விட்டார்.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் லாரி சாமான் கடையில் ஹாரன் ரிலே இரண்டு வாங்கினேன். ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர். பட்டனிலிருந்து போகும் சின்னக் கரண்ட் ரிலேயை மட்டும் தூக்கும். முழுக் கரண்ட் ரிலே வழியாக மோட்டாருக்குப் போகும். கண்ணாடி ஐந்தே செகண்டில் ஏறியது.

போனை எடுத்தேன். போர்டில் கிருபாதான். "நம்பர் ப்ளீஸ்" என்றார்.

"அஞ்சு செகண்டு."

"டியூட்டில இருக்கேன், வெச்சுடுங்க" என்றார். வைப்பதற்குள் சிரிப்பு கேட்டுவிட்டது.

கல்யாணத்தில் நாயுடுகாரு என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். மெட்ராஸ்காரனால் ஆகாததை இந்தப் பையன் செய்தான் என்றார். கிருபா பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் மழை. "உம் பேரச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா சால்வைய ரெண்டா கிழிச்சிருப்பாரா? மொதல்ல இந்த ஜன்னல ஏத்துங்க, சாரல் அடிக்குது."

இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை.

"இதுக்கு ரிலே இல்ல. சால்வைய வெச்சு அடைங்க."

அப்படியே அடைத்துக்கொண்டு புத்தூர் வரை வந்தோம்.

அதன்பிறகு நான் ஜன்னல் மெக்கானிக் ஆகிவிட்டேன். திருப்பதி, வேலூரிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. பட்டறை நிலைத்ததே அதனால்தான். ஒருமுறை திருப்பதி மெக்கானிக் பாபு, "இத்த யாருண்ணா கத்துக் குடுத்தது?" என்று கேட்டார். "படிச்சதுதான்" என்றேன். கிருபா டீத் தம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தார். பாபு போன பிறகு, "எந்தப் புக்குலன்னு சொல்லுங்க, நானும் படிக்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த டீயை அவர் குடிக்கவில்லை. அதற்குப் பிறகும் எனக்கு மூன்று வருஷம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பாபு போன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டு, ஏறாத கண்ணாடி ஒன்றைப் பற்றிக் கேட்டார். அந்த யோசனை என்னுடையதல்ல, கிருபாவுடையது என்றேன். "மனசத் தேத்திக்கோங்கண்ணா, ஒரு மாசம் வேலய வுட்டுட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார். நாயுடுகாரிடமும் சொன்னேன். அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கிருபா படம் போட்ட அந்த டிக்கெட் என்னிடம் இருக்கிறது. அவர் கையெழுத்து, என் கிரீஸ் விரல் தடம். ரிலே இரண்டையும் கட்டம் போட்டுக் காட்டி, அடியில் "சோறு ஆறுது" என்று எழுதியிருக்கிறார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறை வாசலில் மாட்டி, மேலே 'கிருபாவதி' என்று பெயின்டால் எழுதிவிட்டேன். எந்த மெக்கானிக்கும் வந்து பார்த்து வரைந்துகொள்ளலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

கிருபா, நீ கொடுத்த தொழிலில்தான் சாப்பிட்டேன். இனியும் அதில்தான் சாப்பிடுவேன். நன்றி. போய் வா.

கூப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. இன்று காலை போனை நிறுத்திவிட்டேன். ரிசீவர் மேசைமேல் கிடக்கிறது. அப்படி வைத்தால் எக்ஸ்சேஞ்ச் போர்டில் எங்கள் நம்பரின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிரே. போர்டில் இருக்கும் சகோதரிகளே, அது பழுதல்ல. கொஞ்ச நாள் எரியட்டும்.