டேங்க் கவரில் இருந்த காகிதங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. ஜவ்வாது மலையில், காவலூருக்கும் மேலே உள்ள ஒரு சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். வீடு அடிவாரத்தில், ஆலங்காயத்தில். மலைக்குப் போகிற பஸ்கள் என் வேலை நேரத்துக்கு ஒத்துவராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதனால் தினமும் காரில்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

கார் என் கணவருடையது. அவர் இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. பென்ஷனுக்காக வாரிசுச் சான்றிதழ் வாங்கினேன், பேங்க் கணக்கை மாற்றினேன், கேஸ் இணைப்பைக்கூட என் பெயருக்கு மாற்றினேன். காரை மட்டும் மாற்றவில்லை. ஒவ்வொரு ஆபீஸாகப் போய் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லிச் சொல்லி மனசு விட்டுப்போயிருந்தது. ஆர்.சி. புத்தகத்திலாவது அவர் இருக்கட்டுமே என்று நினைத்தேன். அதை துக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி சோம்பேறித்தனம் என்பது இப்போது தெரிகிறது.

பதினைந்து வருடம் முடிந்த காரை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப்போய்க் காட்டி, இன்னும் ஓடத் தகுதியானதுதான் என்று அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது என்று எனக்கு நினைவே இல்லை. வழியில் நிற்கிற போலீஸ்காரர்கள் என்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை. சளி, காய்ச்சல் என்று வந்தால் நான்தானே அவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். கையைத் தூக்கிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

காகிதம்தான் இப்படி என்றால் காரும் சரியில்லை. ஆலங்காயத்து மெக்கானிக் நான்கு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பின் சக்கரத்துல பிரேக் சிலிண்டர் ஒழுகுதுக்கா. பெடலு எவ்ளோ கீழ எறங்குது பாருங்க. ஆயில ஊத்தி ஊத்தி ஓட்டுறது இன்னா வேலை? ரெண்டு நாளு வண்டிய வுட்டுட்டுப் போங்க, மாத்திக் குடுத்துடுறேன்."

"அடுத்த வாரம் விடறேன்" என்பேன். இரண்டு நாள் பஸ்ஸில் போக வேண்டுமே என்ற அலுப்பு. டிக்கியில் எப்போதும் ஒரு பிரேக் ஆயில் பாட்டில் இருக்கும். குறையக் குறைய நானே பானெட்டைத் திறந்து ஊற்றிக்கொள்வேன். தனியாக இருக்கிற பொம்பளை இதையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்களை மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள்ளிருந்து நான் திட்டுகிற திட்டு ஊருக்கே கேட்கும். அதே நான்தான் இப்படி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியத்திலிருந்தே தூறல். நாலு மணிக்கு மருந்தறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். காவலூரைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் இரண்டு வளைவு சரியாகத்தான் திரும்பினேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன், மறுபடி மிதித்தேன். காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதன் ஒயர் தளர்ந்து ஒரு வருடம் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி மலைப் பக்கம் உரசி நிறுத்தலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்தேன். ஈர ரோட்டில் வண்டி கேட்கவில்லை. வளைவில் வலப்பக்கமாக, எதிர்த் திசையில் வருகிறவர்களின் பாதைக்குள் போய்விட்டது.

எதிரே பைக்கில் ஒருவர் தன் ஓரத்தில், மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட். பின்னால் ஒரு மூட்டை. என்னைப் பார்த்ததும் வண்டியை இன்னும் ஓரமாக ஒதுக்கினார். ஒதுங்க அதற்குமேல் இடம் இல்லை.

இடித்த சத்தத்தைவிட, அதற்குப் பிறகு கார் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றபோது இருந்த அமைதிதான் எனக்கு இன்னும் கேட்கிறது. இறங்கி ஓடினேன். பைக் அவர் வலது கால்மேல் கிடந்தது. மூட்டை கிழிந்து மாட்டுத் தவிடு ரோடெல்லாம் கொட்டி மழையில் ஊறிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் ஆள் யாரென்று தெரிந்தது. மாதாமாதம் மனைவிக்கு பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் ஜன்னலுக்கு வருகிறவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சாமை பயிரிடுவார், சீசனில் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஏறி உலுக்குவார். அவர் முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் இறங்கி வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் குதித்து வந்து பைக்கைத் தூக்கினார்கள். யாரோ 108-க்குப் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏட்டு ஒருவர் வந்துவிட்டார். என்னை நன்றாகத் தெரிந்தவர்.

"நீங்க போய் உக்காருங்க மேடம். இவனுங்களுக்கு வளைவுல ஹாரன் அடிக்கணும்னே தெரியாது" என்றார். பிறகு தரையில் கிடந்தவரைப் பார்த்து, "யோவ், லைசென்ஸ் கீதா?" என்று கேட்டார்.

அவர் வலியில் முனகினார். கையைப் பைக் பக்கம் காட்டி, "டேங்க் கவர்ல கீது சார்" என்றார்.

ஏட்டு டேங்க் கவரின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை. லைசென்ஸ், ஆர்.சி., அந்த வருடத்து இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பையைத் திரும்ப வைத்துவிட்டு, சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

"உங்களுது மேடம்?"

"வீட்டுல இருக்கு" என்றேன்.

"சரி, நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

மழையில் பைக் சறுக்கியதால் நடந்த விபத்து என்று அவர் எழுதிக்கொண்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கீழே கிடந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் கதவை மூடும் வரை எனக்கு நேரம் இருந்தது.

மறுநாள் காலை என் அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறவில்லை. "கேஸ் இன்னும் சரியா எழுதல இல்ல? அப்ப தேதி நம்ம கையில. இன்னைக்கே இன்ஷூரன்ஸ் போட்டுடலாம். ரெண்டு நாள் கழிச்சு நடந்த மாதிரி எழுதிக்கலாம், ஆஸ்பத்திரில நான் பேசிக்கிறேன். அந்த ஆளுக்கும் பணம் வரும், உனக்கும் தொல்லை இல்ல. மாப்பிள்ளை போன்ல பழைய பாலிசி நம்பர் இருக்கும், எடு" என்றார்.

அந்த ஆளுக்கும் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அந்த யோசனை கொடுத்த நிம்மதியில் முதல் தடவையாக ஒரு வாய் காபி இறங்கியது.

கணவரின் போன் பீரோவில் இருந்தது. அவர் போன பிறகு சில மாதங்கள், திறந்து பார்க்காமலே சார்ஜ் மட்டும் போட்டு அதை உயிரோடு வைத்திருந்தேன். துணிகளுக்கு நடுவில் அவ்வப்போது டிங் என்று ஒலிக்கும். எடுத்துப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பீரோவைச் சாத்திவிடுவேன். பிறகு சார்ஜ் போடுவதையும் விட்டேன், ஒருநாள் தானாக அணைந்துபோனது. அன்று சார்ஜ் போட்டு, திறந்து, மெசேஜ்களைப் பார்த்தேன். படிக்காதவை வரிசையாக நின்றன. பாலிசி முடிய இன்னும் முப்பது நாள். பதினைந்து நாள். ஏழு நாள். நாளை கடைசி நாள். முடிந்துவிட்டது. அவற்றுக்கு மேலே, முந்தைய வருடங்களில், கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாகவே அவர் பணம் கட்டியதற்கான ரசீதுகள். ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

பீரோவுக்குள் நான் கேட்ட டிங் டிங் எல்லாம் இவைதான்.

அவர் பெயரில் ஒரு பொய்யைப் போட்டு, அதன்கீழ் நான் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்று நினைத்தபோது போனை அணைத்துத் திரும்பப் பீரோவில் வைத்தேன். "வேணாம்ணா" என்றேன். அண்ணனுக்குக் கோபம். "வேலைக்கே உலை வெச்சுக்கப் போற" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் கட்டோடு அவர் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று அவளுக்கு சந்தோஷம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"யக்கா, காரு இன்ஷூரன்ஸ்ல ஏதோ பணம் குடுப்பாங்கன்னு பக்கத்துக் கட்டில்காரங்க சொல்றாங்க. உங்க வண்டிக்குக் கீது இல்ல?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. "வண்டிக்கு எந்தப் பேப்பரும் இல்ல. பிரேக்கும் சரியில்ல. மெக்கானிக் நாலு மாசமா சொல்லிட்டு இருந்தாரு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"தெரிஞ்சேதான் எறங்கினீங்களா?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். "எழுதி முடிச்சாச்சே மேடம். யாரும் கேக்கல. எதுக்கு நீங்களா வந்து மாட்டிக்கிறீங்க?" என்றார் ஏட்டு. நடந்ததை நானே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு எல்லாம் அதன் வழியில் நடந்தது. காரைப் பரிசோதித்து பிரேக் செயலிழந்ததை உறுதி செய்தார்கள். வழக்கு, அபராதம், லைசென்ஸ் முடக்கம், துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். இன்ஷூரன்ஸ் இல்லாததால் நஷ்ட ஈட்டை நானே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. நானும் கணவரும் வீடு கட்டலாம் என்று வாங்கிப்போட்டிருந்த மனையை விற்றுக் கொடுத்தேன். அது தியாகம் ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டியது, கொடுத்தேன்.

நஷ்ட ஈட்டு விசாரணையில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவரைக் கேட்டார்கள். கைத்தடியை ஊன்றி எழுந்து நின்று, "மரம் ஏறணும் சார்" என்றார். அதை எந்தத் தாளில் எழுதுவது என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

கால் சேர்ந்துவிட்டது, ஆனால் குட்டையாகிவிட்டது. மரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லவே தேவையில்லை, ஏற முடியாது. புளி சீசனில் இப்போது மைத்துனர் மேலே ஏறி உலுக்க, இவர் கீழே உட்கார்ந்து ஓடு தட்டுகிறார். நான் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். காரை உடைக்கக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் முதல்முறையாக ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்று, கணவர் பெயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அரை நாளில் முடிந்த வேலை. அதற்குத்தான் மூன்று வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.

மாத்திரைக்கு இன்னமும் அவர்தான் வருகிறார். முன்பெல்லாம் "இன்னாக்கா, நல்லாக்கீறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டை நீட்டுவார். இப்போது "மேடம்" என்கிறார். மனைவிக்கு பிரஷர் மாத்திரையோடு, குளிர் நாட்களில் தன் காலுக்கு வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறார். முகத்தில் கோபம் இல்லை. இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

போன வாரம் எங்கள் நர்ஸ் ஒருத்தி, தன் ஸ்கூட்டிக்கு இன்ஷூரன்ஸ் முடிந்து இரண்டு மாதமாகிறது, "மலையில யாருக்கா கேக்கப் போறாங்க?" என்று சிரித்தாள். அவளை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அன்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தாள். நல்லதுதான். ஆனால் அதனால் யாருடைய காலும் நீளமாகிவிடவில்லை.

காரின் காகிதங்களும் பிரேக்கும் எனக்கும் சர்க்காருக்கும் நடுவில் உள்ள தொல்லை என்றே நினைத்திருந்தேன். எதிரே தன் ஓரத்தில் ஒழுங்காக ஏறி வருகிற யாரோ ஒருவருக்கு நான் கொடுத்த வாக்கு அவை என்பது, அதை மீறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.