முகாமுக்கு வந்த முனீஸ்வரன்

இந்தச் சனிக்கிழமை மத்தியானமும் கரண்டு இல்லை. கீழ்வீட்டுக்காரர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். காற்றாடி அவருக்கு, புகை எங்களுக்கு. ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் இருமல் வருகிறது. என் மகன் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் தரையில் மல்லாந்து கிடந்து, செல்போனில் மிச்சமிருந்த சார்ஜை ஒரு படத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஏரிக்கரை, மரவீடு, அரைக்கால் சட்டை போட்ட ஏழெட்டு வெள்ளைக்கார இளசுகள். அதில் ஒரு பெண் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போகிறாள்.

“இவ செத்தா,” என்றேன்.

ஏற்கெனவே பார்த்த படமா என்று கேட்டான். பர்மிய மொழியில்தான் கேட்டான். நான் தமிழில் பேசுவதும் அவன் பர்மிய மொழியில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கம். படம் போன மாதம்தான் வந்ததாம். நான் எங்கே பார்த்தேன்? பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக இவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே படம்தானே.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். கோடை விடுமுறைக்கு முகாம் போடுகிறேன் என்று கிளம்பிக் காட்டுக்குள் போவார்கள். வழியில் பெட்ரோல் போடுகிற கிழவர் “அங்கே போகாதீங்க” என்பார். போவார்கள். இருட்டில் ஒரு சத்தம் கேட்கும். நானாயிருந்தால் கதவைத் தாழ்போட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். இவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் “யாரது?” என்று கேட்பார்கள். கோடரியோடு நிற்பவன் நான்தான் இன்னார் என்று ஊரும் பேரும் சொல்வானா? வண்டி கிளம்பாது. ஓடுகிறவள் தடுக்கி விழுவாள். போலீஸ் விடிந்த பிறகு வரும். இவ்வளவு தெரிந்தும் ஜனம் ஏன் இதைப் பார்க்கிறது என்று எரிச்சலாக இருக்கிறது. எரிந்துகொண்டே அன்றைக்கு நானும் கடைசிவரை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.

டீசல் புகை மூக்கில் ஏறினால் எனக்கு நான் வளர்ந்த இன்சீன் ஊர் ஞாபகம் வரும். அப்பா அங்கே ரயில் பட்டறையில் ஃபிட்டர். பட்டறைக்குப் பின்சந்தில் எங்கள் வீடு, அடுத்த சந்தில் கோயில், கோயில் மண்டபத்துக்கு நேர் எதிரே காதர் பாயின் வீடியோ கொட்டகை. மூங்கில் தட்டி, தகரக் கூரை, ஒரு டிவி, ஒரு டெக். பின்னால் ஜெனரேட்டர் குலுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே கொசுவத்தி வாசனையும் காலடியில் நொறுங்கும் சூரியகாந்தி விதைத் தோலும். தாய்லாந்து எல்லை வழியாக மூட்டையோடு மூட்டையாக வந்த கேசட்டுகளில் இந்த முகாம் படங்கள்தான் அதிகம். மலிவாகக் கிடைத்திருக்கும்.

அப்போது எனக்கு இருபது வயது. ராணுவ ஆட்சியில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, யாரையும் கேட்கவும் முடியாது. படித்துக்கொண்டிருந்த பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அப்பாக்களுக்கு என்ன தோன்றும்? என் அப்பாவுக்கும் அதுதான் தோன்றியது. தெற்கே மோல்மேன் ஊரில் ஒரு மாமா பையன் இருந்தான். ஐஸ் கம்பெனி வைத்திருந்தான். நல்லவன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் தானே ஒரு ஜோக் சொல்லி, தானே மூக்கால் சிரித்து, நாம் சிரிக்காவிட்டால் அதே ஜோக்கை மறுபடி சொல்வான். அந்தச் சிரிப்போடு ஆயுள் முழுக்க இருக்க நான் தயாராயில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் கோடை விடுமுறைக்குத் தமிழ் வகுப்பு நடத்த ஆள் தேடினார்கள். என் தமிழ் அப்படியொன்றும் கொடிகட்டிப் பறக்கிற தமிழ் இல்லை. இருந்தாலும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

“வகுப்பு நடக்கற வரைக்கும் இங்க இரு. நின்னுச்சுன்னா மோல்மேன். அழுதுக்கிட்டு எங்கிட்ட வராத.”

கோயில் செயலாளர் காளிமுத்து ஐயா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார். “பதினஞ்சு தலை இருக்கணும்மா. கொறஞ்சா மண்டபத்துல பந்தச் சாமான போட்டுப் பூட்டிருவேன்.”

முதல் நாள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர், இரண்டில் எதைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத காது. என்னைச் சயாமா என்பார்கள். பர்மாவில் டீச்சருக்கு அதுதான் பெயர். இரண்டு மணி அடித்ததும் ஒவ்வொருவராக “ஒண்ணுக்கு சயாமா” என்று எழுந்து போவார்கள். இரண்டு மணிக்கு எதிரே படம் ஆரம்பம். போன ஒருவரும் திரும்ப மாட்டார்கள். இரண்டாம் வாரம் நான் கரும்பலகையிலிருந்து திரும்பியபோது ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆத்திரத்தில் பிரம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தேன். இருட்டு. டிவியில் ஒரு பையன் படகுத் துறையில் தனியாக நிற்கிறான், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வருகிறது. கொட்டகையே அலறியது. பட்டறைத் தொழிலாளிகள், மீன்காரிகள், என் மாணவர்கள் எல்லாரும் அந்தப் பையனைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. டிவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காதர் பாய் விளக்கம் சொல்வார். “இவன் போவான்” என்பார் பர்மிய மொழியில். பையன் போவான். “அடுத்து அந்த நெட்டை” என்பார். அவ்வளவுதான் மொத்த விளக்கமும், அதுவே அதிகம். நான் பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு படம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒருமுறை நானும் கத்தியதாகப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கத்தல்தான் அந்தப் படங்களின் ருசி என்று தோன்றுகிறது. அந்தக் காலத்தில் எங்களால் யாரைப் பார்த்து “முட்டாளே, அங்கே போகாதே” என்று சத்தம் போட முடிந்தது? கொட்டகைக்குள் முடிந்தது. படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் நம்மைவிட மட்டி என்பதில் ஒரு நிம்மதி வேறு.

மறுநாள் ஒரு பேரம் பேசினேன். படத்துக்குப் போகலாம். ஆனால் நாலு மணிக்குத் திரும்பி வந்து எனக்குக் கதை சொல்ல வேண்டும், தமிழில் மட்டும். பேரம் படிந்தது. அதுவரை வாயைத் திறக்காத கழுதைகள் அடித்துக்கொண்டு பேசின. கோடரிக்குத் தமிழில் என்ன, ஏரிக்கு என்ன, பின்னால் பதுங்குவதற்கு என்ன என்று என்னைத் துளைத்தார்கள். எனக்கே தெரியாதவற்றை வீட்டில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போவேன். “எதுக்குடி ஒனக்குக் கழுத்தறுக்கறதெல்லாம்?” என்பார் அம்மா. படத்தில் வருகிறவர்களின் பெயர் வாயில் நுழையாததால் பிள்ளைகள் தங்கள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். யார் சாவது என்பதில் தினமும் சண்டை.

சண்டையைவிட அவர்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்குத் தலைவலி. பத்து வயது வள்ளி கேட்டாள்: “சயாமா, அவங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா? எப்படித் தனியா காட்டுக்கு உட்டாங்க?” கொலைகாரன் ஏன் கொல்கிறான் என்பதுதான் பெரிய வழக்கு. அவன் முகத்தில் தேனெடுப்பவர்கள் போடும் வலை, கையில் நீளமான வெட்டுக்கத்தி. படத்தில் அதற்கு ஏதோ காரணம் சொல்லியிருப்பார்கள், இங்கிலீஷில். எங்களுக்கு அது எட்டவில்லை. மூன்று நாள் விவாதித்துப் பிள்ளைகள் தீர்ப்புச் சொன்னார்கள். காட்டுக்குள் நுழையும்போது காவல் தெய்வத்திடம் அனுமதி கேட்க வேண்டும். இவர்கள் கேட்கவில்லை. மரத்தடியில் ஒன்றுக்குப் போனார்கள், ஏரியில் பீர் பாட்டிலை எறிந்தார்கள். ஆகவே வந்தது முனீஸ்வரன். அருவாள்கூடக் கையில் இருக்கிறதே, வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இந்த நிலையில்தான் ஒருநாள் நாலரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் காளிமுத்து ஐயா வந்து நின்றார். தலைகளை எண்ணினார். பதினெட்டு. “எங்க, யாராச்சும் எந்திரிச்சுத் தமிழ்ல எதாச்சும் சொல்லுங்க பாப்பம்,” என்றார். ஒரு சாமி பாட்டை எதிர்பார்த்திருப்பார். வள்ளி எழுந்தாள். எனக்கு மோல்மேன் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

“ஒரு காடு,” என்று ஆரம்பித்தாள். “காட்டுல ஏரி. எட்டுப் பேரு வந்தாங்க. பெரியவங்க கூட வரல. முனிகிட்ட யாரும் கேக்கல. மரத்தடில அசிங்கம் பண்ணிட்டுச் சிரிச்சாங்க. முனிக்குக் கோவம் வந்திருச்சு. மொதல்ல சேகர் போனான். போகாத சேகர்னு எல்லாரும் சொன்னாங்க. சேகர் கேக்கல நோ.” பேச்சின் வாலில் ஒட்டிய அந்த ‘நோ’ மட்டும் பர்மிய மொழி.

ஐயா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். “அப்புறம்?”

வள்ளி ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கொன்றாள். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு பெண் மட்டும் தப்பித்தாள் என்றதும் ஐயா குறுக்கிட்டார். “அந்தப் புள்ளைய மட்டும் ஏன் உட்டுச்சு?”

படத்தில் அப்படி எதுவும் கிடையாது. வள்ளி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அவ மட்டுந்தான் செருப்பக் கழட்டிட்டு ஏரில எறங்கினா.”

ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “எந்த ஊரு முனிம்மா இது?” என்றார்.

“பெகு பக்கம்னு கேள்வி ஐயா,” என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

சித்திரைத் திருவிழாவில் அதை மேடையில் போட்டே ஆக வேண்டும் என்று ஐயா பிடிவாதம் பிடித்தார். போட்டோம். நீலத் தார்ப்பாய் ஏரி, பழைய கொசுவலை முனிக்கு, ரத்தத்துக்குக் குங்குமம் கரைத்த கஞ்சி. அந்த வெள்ளைக்காரர்கள் எங்களிடம் வந்து சிக்கனம் கற்றிருக்கலாம். கொசுவலையும் அருவாளுமாகக் கொலைகாரன் மேடையேறியபோது முன்வரிசைப் பெண்கள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். சேகரின் அம்மா மட்டும் தன் மகன் முதலில் செத்ததற்காக என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

நாடகம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து காதர் பாய் நேராக என்னிடம் வந்தார். “அது நம்ம கொட்டகைப் படந்தானே தாயி?” என்றார். தலையாட்டினேன். காளிமுத்து ஐயா பத்தடி தள்ளி நிற்கிறார். பாய் குரலைத் தணித்துக்கொண்டார். “நானும் முப்பது தடவ ஓட்டிட்டேன். அந்தப் பொண்ணு ஏன் தப்பிச்சுதுன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது.” அதோடு போய்விட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, “மோல்மேனுக்கு எழுதிட்டேன், இப்ப வேணாம்னு,” என்றார். அந்த வகுப்பு ஏழு கோடை நடந்தது. இடையில் பல்கலைக்கழகமும் திறந்தது, நானும் பட்டம் வாங்கினேன், மூக்கால் சிரிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டேன்.

காதர் பாயும் இல்லை, காளிமுத்து ஐயாவும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. வள்ளி பினாங்கில், சேகர் சிங்கப்பூரில், மற்றவர்கள் எங்கெங்கோ. இங்கே இருப்பவர்களும் தங்கள் பிள்ளைகளை எப்படி வெளியே அனுப்புவது என்ற கவலையில் இருக்கிறார்கள். நானும் அந்தக் கவலையில்தான் இருக்கிறேன்.

போன கோடையில் கோயிலில் மறுபடி கூப்பிட்டார்கள். அதே மண்டபம். ஒன்பது பேர் சேர்ந்தார்கள், இரண்டாம் வாரம் ஐந்தானார்கள். இப்போதைய நிர்வாகம் தலைகூட எண்ணுவதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல். ஐந்து பேரும் செல்போனை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி, “ஒரு காடு. காட்டுல ஏரி,” என்று ஆரம்பித்தேன்.

தலைகள் நிமிர்ந்தன. இரண்டு நிமிடம் கேட்டார்கள். பிறகு ஒரு பெண் கையைத் தூக்கி, மரியாதையாகத்தான், பர்மிய மொழியில் சொன்னாள்: கதை நல்லா இருக்கு சயாமா, ஆனா தமிழ்ல சொன்னா பயம் வர மாட்டேங்குது, நம்ம பாஷையிலயே சொல்லுங்க.

நம்ம பாஷை என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நல்ல அதட்டல் போட வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவன் பையை எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டான். இன்னொருத்தி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பர்மிய மொழியில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், கடைசிப் பெண் தப்பித்தபோது கை தட்டினார்கள். மறுநாள் ஐந்து பேரும் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். நானும் உட்கார்ந்து, தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், இரண்டு மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்திவிட்டு வீடு திரும்பினேன்.