கிணற்றைப் பற்றிய ஒரு பக்கம்

இந்த வெள்ளைக்கார நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வகுப்பும் நிலத்துக்கு நன்றி சொல்லித்தான் தொடங்கும். "நாம் கூடியிருக்கும் இந்த நிலம் பூர்வகுடிகளுடையது" என்று பேராசிரியை வாசிப்பார். தலை குனிவோம். பிறகு கதிரைகளை இழுத்துப் போட்டு வசதியாக இருப்போம். முதல் மாதமே கை உயர்த்தி, "எப்போது திருப்பிக் கொடுக்கப்போகிறோம்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நகைச்சுவையும் ஒரு எதிர்ப்புத்தான் என்று பேராசிரியை பாராட்டினார். நான் பகிடி விடவில்லை. ஊரில் ஆமி பிடித்த காணியைத் திருப்பிக் கேட்டு அதற்கு முன்னால் சனம் பாய் விரித்துக் குந்தியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

நான் படிப்பது எத்னிக் ஸ்டடீஸ், இனக்குழுக்களைப் பற்றிய படிப்பு. "உதிலை என்ன படிப்பிக்கினம்?" என்று ஊரிலிருந்து, குருநகரிலிருந்து, அம்மா போனில் கேட்டாள்.

"ஒரு சனம் இன்னொரு சனத்தை ஏன் மிதிக்குது எண்டு."

"அதை நான் படிக்காமலே சொல்லுவன்."

கடைசிக் கட்டுரைக்குச் சொந்தச் சமூகத்தில் ஒருவரைப் பேட்டி காணவேண்டும். அது தவறினால் பாடமே தவறும். நான் வாடகைக்கு இருந்த கீழறையின் சொந்தக்காரர் மகேந்திரன் அங்கிள், எங்கள் பக்கத்து மருதனார்மடத்துக்காரர், சந்தோஷமாகச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்தார். வந்த புதிதில் தொழிற்சாலையில் தன் சாப்பாட்டுப் பெட்டியை வெள்ளைக்காரர் குப்பையில் கொட்டியதைச் சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அந்தச் சூட்டிலேயே அடுத்த கேள்வியைக் கேட்டேன்: "ஊரிலை உங்கடை கிணத்திலை ஆர் ஆர் தண்ணி அள்ளலாம், அங்கிள்?"

அவர் முகத்தைத் துடைத்தார். "பிள்ளை, நீர் குருநகர் எண்டனீர். அப்பாவுக்குக் கச்சேரியிலை உத்தியோகமோ, கடல்லை தொழிலோ?"

"கடல்லை."

அதிலேயே சாதி தெரிந்துவிடும்; அதற்குமேல் கேட்க எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் மிச்சமிராது. அவர் மனைவி, அன்ரி, எனக்கு வழக்கமான கண்ணாடிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அங்கிள் அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்ரி திரும்பிப்போய்க் கடதாசிக் கோப்பையில் ஊற்றிவந்தார். ஊரில் எங்கள் சாதிக்குச் சிரட்டை, இங்கே மறுசுழற்சிக் கோப்பை.

"உந்தக் கிணத்துக் கதையை எழுதாதையும்," என்றார் அங்கிள். "வெள்ளையள் வாசிச்சா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? எழுதுறதெண்டால் அறையை விடும்."

கேள்வியையும் தேநீரையும் ஒரு பக்கமாக எழுதிக்கொண்டு பேராசிரியையிடம் போனேன். "தேநீர் தந்தார்களே, அது அன்பில்லையா?" என்றார். கோப்பையை விளக்கினேன். இது உங்கள் சமூகத்துக்கு எதிராகப் பயன்படலாம், தொழிற்சாலைக் கதையே போதும், அதுதான் வலிமையானது என்றார். ஒருவரையொருவர் கண்டேயிராத இரண்டு பேர் ஒரே பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார்கள்.

கிழிக்கமாட்டேன் என்று அங்கிளிடம் சொன்னேன். அவர் சம்மதத்தைத் திரும்ப எடுத்தார். இனி அவர் பேசிய ஒரு சொல்லும் கட்டுரையில் வரக்கூடாது என்பது விதி. தொழிற்சாலையை வெட்டினேன். கண்ணீரையும் வெட்டினேன். என் கேள்வியும் எனக்குத் தந்த கோப்பையும் மிஞ்சின.

கட்டுரையை நூலகக் கணினியில் ஏற்றும்போது விலாசம் கேட்டது. நிரந்தர முகவரிக்குக் குருநகர். தற்போதைய முகவரியை வெறுமையாக விட்டால் அந்தப் படிவம் நகர மறுத்தது. வேறு ஒன்றும் இல்லாததால், அன்று காலை காலி செய்து, பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுத்த கீழறையின் இலக்கத்தையே எழுதி அனுப்பினேன்.